பழைய டெபியனில் புதிய பேக்கேஜ்: பேக்போர்ட் எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

சர்வரில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம் ஒன்று) ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் புதிய பதிப்பு வேண்டும், அது டெபியன் 13-இல்தான் இருக்கிறது. முழு சர்வரையும் 13-க்கு மாற்ற இப்போதைக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. அப்போது செய்வதுதான் பேக்போர்ட்: புதிய வெளியீட்டின் சோர்ஸ் பேக்கேஜை எடுத்து, பழைய வெளியீட்டில் இருக்கும் கம்பைலரையும் லைப்ரரிகளையும் வைத்தே மறுபடி பில்ட் செய்வது.

கொண்டுவர வேண்டியது சோர்ஸ். பில்ட் ஆகி, இன்ஸ்டால் செய்யத் தயாராக இருக்கும் டெப் ஃபைல் அல்ல. கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பல, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

எவ்வளவு தூரம் தாண்டுகிறோம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் 11 (புல்ஸ்ஐ) 2021 ஆகஸ்டில் வந்தது: ஜிலிப்சி (சி நிரல்களின் அடிப்படை லைப்ரரி) 2.31, ஜிசிசி (கம்பைலர்) 10, பைத்தான் 3.9. டெபியன் 12 (புக்வோர்ம்) 2023 ஜூனில்: ஜிலிப்சி 2.36, ஜிசிசி 12, பைத்தான் 3.11. டெபியன் 13 (டிரிக்ஸி) 2025 ஆகஸ்டில்: ஜிலிப்சி 2.41, ஜிசிசி 14, பைத்தான் 3.13. ஒரு வெளியீடு பின்னால் போவது பெரும்பாலும் ஒரு நாள் மாலை வேலை. இரண்டு வெளியீடு பின்னால் போவது அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு டிபென்டன்சியும் (ஒரு பேக்கேஜுக்குத் தேவைப்படும் வேறு பேக்கேஜ்) தன்னுடன் இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வரும்.

இங்கே கட்டளைகளையும் பேக்கேஜ் பெயர்களையும் ஒலிக்கும்படியே எழுதியிருக்கிறேன். இனி, திரையில் தெரியும் அறிகுறியை வைத்து உங்களுக்கு வேண்டிய இடத்துக்குப் போகலாம்.

பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்தாயிற்று, ஆனாலும் பழைய பதிப்பே இன்ஸ்டால் ஆகிறது

சொந்தமாக பில்ட் செய்வதற்கு முன்னால், டெபியனே அந்த பேக்கேஜை பேக்போர்ட் செய்து வைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2010-இலிருந்து அது டெபியனின் அதிகாரபூர்வ சேவை. பேக்கேஜ்களை இறக்கி இன்ஸ்டால் செய்யும் கருவியான ஆப்டில், புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்ற பெயரில் களஞ்சியத்தைச் சேர்த்து 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் பட்டியல் வந்துவிடும்.

பட்டியல் வந்த பிறகும் பழைய பதிப்பே இறங்குகிறதென்றால் எதுவும் பழுதாகவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். வழக்கமான களஞ்சியத்தின் முன்னுரிமை 500, பேக்போர்ட்ஸின் முன்னுரிமை 100. 'ஆப்ட் பாலிசி' என்று போட்டு பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் இரண்டு எண்களும் தெரியும். நீங்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் பேக்போர்ட் இறங்கும்.

கேட்பதற்கு இரண்டு வழி. இன்ஸ்டால் கட்டளையில் '-டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்' (இந்த டி சிறிய t) என்று சேர்ப்பது ஒன்று. அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் களஞ்சியம் முழுவதன் முன்னுரிமையும் 990 ஆகிவிடும், அதனால் அவசியமில்லாத டிபென்டன்சிகளும் அங்கிருந்தே இறங்கலாம். பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு களஞ்சியத்தின் பெயரை எழுதுவது மற்றொன்று. இதில் கேட்ட பேக்கேஜும் அதற்குக் கட்டாயம் தேவைப்படுபவையும் மட்டும் வரும். நான் சாய்கோட்டைத்தான் முதலில் போடுவேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எவ்வளவு குறைவாக மாறுகிறதோ அவ்வளவு நல்லது.

ஒருமுறை பேக்போர்ட் இன்ஸ்டால் ஆகிவிட்டால், அதற்குப் பின் வரும் புதுப்பிப்புகள் தானாகவே வரும். முன்னுரிமையை 500-க்கு ஏற்றி வைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அடுத்த அப்கிரேடில் பாதி சிஸ்டம் பேக்போர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும்.

ரிலீஸ் ஃபைல் இல்லை என்று ஆப்ட் அப்டேட் நின்றுவிடுகிறது

பழைய வெளியீடுகளின் பேக்போர்ட்ஸுக்கு ஆயுள் உண்டு. அடுத்த ஸ்டேபிள் (நிலையான வெளியீடு) வந்து ஏறக்குறைய ஒரு வருடம் வரைதான் அவற்றைப் பராமரிப்பார்கள். அப்புறம் அவை வழக்கமான மிரர்களிலிருந்து (பிரதி சர்வர்கள்) எடுக்கப்பட்டு, டெபியனின் ஆர்க்கைவ் சர்வருக்குப் போய்விடும். பஸ்டர்-பேக்போர்ட்ஸ் (பஸ்டர் என்பது டெபியன் 10) போட்டிருந்த பல சர்வர்களில் இந்தப் பிழை வந்தது இப்படித்தான்.

முகவரியை ஆர்க்கைவுக்கு மாற்றினால் இறங்கும். அங்கேயும் 'காலாவதியாகிவிட்டது' என்று ஆப்ட் மறுத்தால், காலாவதிச் சோதனையை அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். கையொப்பச் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். ஆர்க்கைவில் இருப்பவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டெப் ஃபைலை நேராக இறக்கிப் போட்டேன்: ஜிலிப்சி பதிப்பு இல்லை என்கிறது

இதுதான் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர். டெபியன் 13-க்கான டெப் ஃபைலை 12-இல் போட்டால், ஜிலிப்சி 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று டிபிகேஜி (டெப் ஃபைலை இன்ஸ்டால் செய்யும் கருவி) மறுக்கும். வலுக்கட்டாயமாகப் போட்டால், நிரலை இயக்கும்போது லோடர் (நிரலையும் அதன் லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றுவது) மறுக்கும்.

காரணம் இது. ஜிலிப்சியில் ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரோடும் ஒரு பதிப்பு எண் ஒட்டியிருக்கும். பழைய ஜிலிப்சியில் பில்ட் செய்தது புதியதில் ஓடும். புதியதில் பில்ட் செய்தது பழையதில் ஓடும் என்று எந்த உறுதியும் கிடையாது. நிரலின் சோர்ஸில் புதிதாக எதுவுமே இல்லாவிட்டாலும் இப்படி ஆகலாம். எடுத்துக்காட்டாக, ஜிலிப்சி 2.38-இல் எழுத்தை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டோல் போன்ற பழைய செயற்கூறுகளுக்கு சி23 தரத்துக்கு ஏற்ற புதிய வடிவங்கள் வந்தன. அந்த ஜிலிப்சியில் குனு வசதிகளை இயக்கி கம்பைல் செய்யும் நிரல், அதே பழைய வரியை வைத்திருந்தாலும் புதிய வடிவத்தோடு இணைந்துவிடும். அதற்கு முன்னால் 2.34-இல் நிரல் தொடங்கும் இடமே புதிய பதிப்பு எண் பெற்றது. அதனால் டெபியன் 12-இல் கம்பைல் செய்து ஜிலிப்சியோடு வழக்கம்போல் இணைத்த நான்கு வரி சி நிரல்கூட டெபியன் 11-இல் ஓடாது.

நிரலுக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்க்க 'ஆப்ஜ்டம்ப் -டி' (பெரிய T) கொடுத்து, வரும் பட்டியலில் ஜிலிப்சி என்று வரும் வரிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். உங்கள் சிஸ்டத்தில் இருப்பதை 'எல்டிடி --வெர்ஷன்' சொல்லும்.

இதற்குச் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: புதிய ஜிலிப்சியை மட்டும் டெபியன் 13-இலிருந்து 12-க்குள் இறக்குவது. சிஸ்டத்தில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நிற்பது அந்த லைப்ரரியின் மேல். அது நடுவழியில் உடைந்தால் ஷெல்லும் ஓடாது, எஸ்எஸ்எச்சும் ஓடாது, பழைய நிலைக்குத் திரும்ப டிபிகேஜியும் ஓடாது. டெபியன் விக்கியில் இப்படிக் கலந்த சிஸ்டத்துக்கு ஃபிராங்கன்டெபியன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது சோர்ஸை எடுத்து 12-க்குள் பில்ட் செய்வது மட்டும்தான்.

இதே வகையில் இன்னொரு சின்ன அறிகுறி: உபுண்டுவின் டெப் ஃபைலை டெபியன் 11-இல் போட்டால், ஜிப் வகை தெரியவில்லை என்று டிபிகேஜி கைவிடும். உபுண்டு 21.10-இலிருந்து டெப் ஃபைல்களை இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்குகிறார்கள். டெபியன் 11-இன் டிபிகேஜிக்கு அது தெரியாது, 12-க்குத் தெரியும். பிரித்து மறுபடி ஜிப் செய்தால் உள்ளே போய்விடும்தான், ஆனால் அங்கேயும் ஜிலிப்சி காத்திருக்கும்.

பில்ட் செய்யும் இடம்

பழைய வெளியீட்டின் சுத்தமான சிரூட் (ஒரு ஃபோல்டருக்குள் அடங்கிய தனி டெபியன்) ஒன்று கட்டாயம் வேண்டும். 'எம்எம்டெப்ஸ்ட்ராப் புக்வோர்ம்' என்று கொடுத்தால் சில நிமிடங்களில் தயாராகிவிடும். அதை எஸ்பில்டோடு (சிரூட்டுக்குள் பேக்கேஜை பில்ட் செய்யும் கருவி) இணைத்துக்கொள்வதுதான் நல்ல பழக்கம். ஒவ்வொரு பில்டும் புதிதாக ஒன்றைத் திறந்து, முடிந்ததும் தூக்கி எறியும். பிபில்டரும் அதே வேலையைச் செய்யும். டாக்கர் பழக்கமானவர்கள் டெபியனின் புக்வோர்ம் இமேஜை எடுத்துக்கொள்ளலாம், பேக்கேஜைப் பொறுத்தவரை வித்தியாசம் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே பில்ட் செய்யாதீர்கள். பில்டுக்காக இறக்கிய நூற்றுக்கணக்கான டெவ் பேக்கேஜ்கள் அங்கேயே தங்கிவிடும்.

சோர்ஸை எடுக்க, டிரிக்ஸியின் 'டெப்-எஸ்ஆர்சி' வரியை மட்டும் சேருங்கள், 'டெப்' வரியை அல்ல. அப்படிச் செய்தால் சோர்ஸ் மட்டும்தான் கண்ணில் படும். தவறியும் புதிய பைனரி எதுவும் உள்ளே வராது. 'ஆப்ட் சோர்ஸ்' கையொப்பத்தைக் களஞ்சியத்தின் சாவியை வைத்துச் சரிபார்க்கும். டிகெட் கட்டளையால் தனியாக இறக்கினால், பேக்கேஜ் பராமரிப்பாளரின் சாவி உங்கள் பழைய டெபியன்-கீரிங்கில் இல்லாமல் போகலாம், அப்போது சரிபார்க்க முடியவில்லை என்று நிற்கும். அந்தச் சோதனையைத் தட்டிக்கழிப்பதைவிட ஆப்ட் சோர்ஸுக்கு மாறிக்கொள்வது எளிது.

பில்ட் டிபென்டன்சி கிடைக்கவில்லை

நேரம் அதிகம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சோர்ஸ் ஃபோல்டருக்குள் நின்று 'ஆப்ட் பில்ட்-டெப் .' கொடுங்கள், அல்லது டெவ்ஸ்கிரிப்ட்ஸில் இருக்கும் எம்கே-பில்ட்-டெப்ஸைப் பயன்படுத்துங்கள். எது இல்லை என்று பட்டியல் வரும். பட்டியலைப் பார்த்ததும் டெபியன்/கன்ட்ரோலில் (பேக்கேஜின் விவரமும் டிபென்டன்சிகளும் உள்ள ஃபைல்) இருக்கும் பதிப்பு எண்களை எல்லாம் அழித்துவிடத் தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். டெபியன்/சேஞ்ச்லாகில் அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

டிபிகேஜி-டெவ் 1.22.5 வேண்டும் என்று வந்தால் அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 32 பிட் கணினிகளில் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க 2024-இல் டெபியனின் 32 பிட் வகைகளில் (ஐ386 தவிர) நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். அப்போது ஏராளமான லைப்ரரிகளின் பில்ட் டிபென்டன்சியில் இந்த எண் ஏறியது, லைப்ரரி பேக்கேஜின் பெயரிலும் டி64 என்ற வால் ஒட்டியது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது அப்படித்தான். டெபியன் 12-இல் இருப்பது டிபிகேஜி 1.21.22. இங்கே அந்த மாற்றமே நடக்கவில்லை, ஆகவே டிபிகேஜி-டெவ் வரியைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

நீங்கள் பேக்போர்ட் செய்வது ஒரு லைப்ரரி என்றால் வரியை எடுப்பது மட்டும் போதாது. டி64 வாலையும் வெட்டி, பழைய பெயருக்கே திரும்ப வேண்டும். கன்ட்ரோல் ஃபைலில் மட்டுமல்ல, டெபியன் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் இருக்கும் இன்ஸ்டால், சிம்பல்ஸ் ஃபைல்களின் பெயரிலும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், புதிய பெயருள்ள பேக்கேஜ் பழைய பெயருள்ளதை இடம்பெயர்க்கும். 'நானே பழையதும்கூட' என்று அது அறிவிக்கும் வரியை நிரப்புவது புதிய பில்ட் கருவிகள்; 12-இன் கருவிகளில் அந்த வரி காலியாகிவிடும். விளைவு, அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களை எல்லாம் நீக்கட்டுமா என்று ஆப்ட் கேட்கும். சாதாரண நிரல் என்றால் இந்தக் கவலை இல்லை. மறுபடி பில்ட் செய்யும்போது டிபென்டன்சிப் பெயர்களை டிபிகேஜியே 12-இல் இருப்பதற்கு ஏற்ப எழுதிவிடும்.

சிஸ்டம்டி-டெவ் கிடைக்கவில்லை என்றால், அது 12 வந்த பிறகு சிஸ்டம்டியிலிருந்து (சர்வீஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள்) தனியாகப் பிரிந்த பேக்கேஜ். 12-இல் அதே ஃபைல்கள் சிஸ்டம்டி பேக்கேஜுக்குள்ளேயே இருக்கின்றன. பெயரை 'சிஸ்டம்டி' என்று மாற்றினால் முடிந்தது. இப்படி, பொருள் இருந்தும் பெயர் மட்டும் மாறிய இடங்கள் நிறைய வரும். டெபியனின் பேக்கேஜ் தேடல் பக்கத்தில், தேவைப்படும் ஃபைலின் பெயரைக் கொடுத்து, எந்த வெளியீட்டில் அது எந்த பேக்கேஜில் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆப்ட்-ஃபைல் கட்டளையும் இதற்காகத்தான் இருக்கிறது.

டெப்ஹெல்ப்பர்-காம்பாட் 13 (பேக்கேஜ் பில்டுக்கு உதவும் டெப்ஹெல்ப்பரின் நடத்தை நிலை) இல்லை என்று வந்தால், டெபியன் 10-இலோ உபுண்டு 20.04-இலோ நிற்கிறீர்கள். 13 என்பதை 12 என்று மாற்றினால் பில்ட் நடக்கத் தொடங்கும், ஆனால் இன்ஸ்டால் ஃபைல்களில் இருக்கும் மாறிகளை விரித்து எழுதும் வசதி 13-இல்தான் வந்தது. 12-இல் அந்த மாறியின் பெயரையே ஒரு ஃபோல்டரின் பெயராக எடுத்துக்கொண்டு ஃபைலைத் தேடும். எண்ணைக் குறைப்பதைவிட, அந்த வெளியீட்டின் பேக்போர்ட்ஸிலிருந்து டெப்ஹெல்ப்பரை எடுப்பது நல்லது.

உண்மையாகவே புதிய லைப்ரரி வேண்டும் என்றால், முதலில் பேக்போர்ட்ஸில் தேடுங்கள். அங்கே இருந்தும் எஸ்பில்ட் எடுக்கவில்லை என்றால், முன்னுரிமை 100 என்று பார்த்தோமே, அதே காரணம்தான். எஸ்பில்டில் டிபென்டன்சி தீர்ப்பானை ஆப்டிடியூட் என்று மாற்றுங்கள், எடுத்துக்கொள்ளும். அங்கேயும் இல்லையென்றால் அந்த லைப்ரரியையும் நீங்களே பேக்போர்ட் செய்து, எஸ்பில்டின் 'எக்ஸ்ட்ரா-பேக்கேஜ்' வழியாகக் கொடுக்க வேண்டும்.

இப்படி ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று நான்கு அடுக்கு இறங்கும்போது நின்று யோசியுங்கள். குறிப்பாகப் பட்டியலில் ஓபன்எஸ்எஸ்எல், பைத்தான், க்யூடி போன்ற பெயர் தெரிந்தால், அந்த வழியை விட்டுவிடுங்கள். அவற்றை மாற்றினால் ஒரு பேக்கேஜுக்காக சிஸ்டத்தின் அடித்தளத்தையே பெயர்த்ததாகிவிடும். அந்த மென்பொருளை டிரிக்ஸி கன்டெய்னர் ஒன்றுக்குள் ஓடவிடுவது நிம்மதியான வழி.

கம்பைலரே பழையது என்கிறது

கோ நிரல்களில்: 'கோ.மாட்' ஃபைலில் இருக்கும் 1.21.0 போன்ற எண் செல்லாது என்று பிழை வரும். மூன்று பகுதி எண் கோ 1.21-இலிருந்து வந்தது, டெபியன் 12-இல் இருப்பது கோ 1.19. அந்த எண்ணை 1.19 என்று திருத்தினால் இந்தப் பிழை போய்விடும், ஆனால் நிரல் புதிய நூலகங்களைப் பயன்படுத்தியிருந்தால் அடுத்த நிமிடமே வேறு இடத்தில் நிற்கும். புக்வோர்ம்-பேக்போர்ட்ஸில் இருக்கும் புதிய கோவை எடுத்து பில்ட் செய்யுங்கள். கோ கம்பைலர் பில்டுக்கு மட்டும் தேவைப்படுவது, சர்வரில் அது இறங்க வேண்டியதில்லை.

ரஸ்ட் இன்னும் கடினம். டெபியன் 12-இல் ரஸ்ட்சி 1.63. கார்கோவின் லாக் ஃபைல் நான்காம் பதிப்பு என்றால் அதைப் படிக்கவே தெரியாது. 2024 எடிஷனில் எழுதிய நிரலுக்கு ரஸ்ட் 1.85 வேண்டும். அதோடு டெபியனில் ஒவ்வொரு கிரேட்டும் (ரஸ்ட் லைப்ரரி) தனி பேக்கேஜ் என்பதால், சின்ன நிரலுக்கே நூறு டிபென்டன்சி எழும்பும். பிரவுசர்களை பில்ட் செய்வதற்காக டெபியன் 12-இலேயே ரஸ்ட்சி-வெப் என்று தனியாக ஒரு கம்பைலரைச் சேர்க்க வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள். என் கருத்து: ரஸ்டில் எழுதிய நிரலை பேக்கேஜாக பேக்போர்ட் செய்யப் பாடுபட வேண்டாம். எழுதியவர்களே ஸ்டாடிக் பைனரி வெளியிட்டிருந்தால் அதை யுஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் பேக்கேஜ்களில் ஒரு புதுப் பிழை அடிக்கடி வருகிறது: பைபுராஜெக்ட் ஃபைலில் லைசன்ஸ் வரி செல்லாது என்று செட்டப்டூல்ஸ் நிறுத்திவிடும். லைசன்ஸை வெறும் சொல்லாக எழுதும் முறை செட்டப்டூல்ஸ் 77-இல் வந்தது. டெபியன் 12-இல் இருப்பது 66. அந்த வரியை, 'டெக்ஸ்ட்' என்ற சாவியோடு அடைப்புக்குள் வைக்கும் பழைய முறைக்கு மாற்றி ஒரு பேட்ச் போடுங்கள். பக்கத்தில் 'லைசன்ஸ்-ஃபைல்ஸ்' வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டெபியன் 11-க்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு தடை: பைபில்டின் பைபுராஜெக்ட் ப்ளகின் அங்கே கிடையாது.

சிமேக், மேசன் இரண்டிலும் குறைந்தபட்சப் பதிப்பு இவ்வளவு என்று நிறுத்தினால் (12-இல் சிமேக் 3.25, மேசன் 1.0), எண்ணை இறக்கிப் பார்ப்பதில் தவறில்லை. பல திட்டங்களில் அந்த எண், எழுதியவரின் கணினியில் அன்று இருந்த பதிப்புதான். உண்மையாகவே தேவை என்றால் தெரியாத கட்டளை என்று உடனே சொல்லிவிடும்.

கம்பைல் முடிந்தது, அப்புறம் சிம்பல்ஸ் அல்லது டெஸ்டில் விழுகிறது

சி++ லைப்ரரிகளில், சில சிம்பல்கள் (லைப்ரரி மற்ற நிரல்களுக்குத் தரும் பெயர்கள்) காணாமல் போய்விட்டன என்று டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ் நிறுத்தும். ஜிசிசி 14 உருவாக்கும் டெம்ப்ளேட் சிம்பல்களும் ஜிசிசி 12 உருவாக்குபவையும் ஒன்றாக இருக்காது, அவ்வளவுதான். காணாமல் போனவை எல்லாம் எஸ்டிடி என்று தொடங்கும் உள் டெம்ப்ளேட்டுகள் என்றால் சோதனை அளவை 0 ஆக்கி பில்ட் செய்யலாம். லைப்ரரியின் சொந்தச் செயற்கூறு ஒன்று காணோம் என்றால், ஏதோ ஒரு வசதி கம்பைல் ஆகாமல் விடுபட்டிருக்கிறது. கான்ஃபிகர் லாகைப் படியுங்கள்.

டெஸ்ட் விழுந்தால் 'நோசெக்' போட்டுத் தாண்டும் ஆசை வரும். அதற்கு முன் எந்த டெஸ்ட் விழுந்தது என்று பாருங்கள். இணையம் வேண்டும் டெஸ்டுகள் சிரூட்டுக்குள் விழுவது இயல்பு. பிழைச்செய்தியின் சொற்கள் மாறியதால் விழும் டெஸ்டும் பரவாயில்லை. அவற்றை மட்டும் பெயர் சொல்லி விலக்குங்கள். பழைய லைப்ரரியோடு இந்த நிரல் சரியாக நடந்துகொள்கிறதா என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த டெஸ்டுகள்தான். மொத்தமாக அணைத்துவிட்டால், தவறு முதலில் தெரிவது பயனரின் தரவில்.

மூலத்தில் எதிர்பாராத மாற்றங்கள் என்று டிபிகேஜி-சோர்ஸ் மறுத்தால், முந்தைய பில்டின் குப்பை ஃபோல்டரில் கிடக்கிறது. ஃபோல்டரை அழித்து சோர்ஸை மறுபடி விரித்து, உங்கள் திருத்தங்களை டெபியன்/பேட்சஸ் வழியாகக் கொடுங்கள்.

பில்ட் ஆன டெப்பே புதிய ஜிலிப்சியைக் கேட்கிறது

'டிபிகேஜி -ஐ' (பெரிய ஐ) கொடுத்து டெப் ஃபைலின் டிபென்ட்ஸ் வரியைப் படியுங்கள். டெபியன் 12-க்காக பில்ட் செய்ததில் லிப்சி6 2.38 என்றோ, பைத்தான் 3.13 என்றோ இருந்தால், நீங்கள் தவறான சிரூட்டில் பில்ட் செய்துவிட்டீர்கள், அல்லது சிரூட்டுக்குள் டிரிக்ஸியின் 'டெப்' வரி நுழைந்திருக்கிறது. கன்ட்ரோல் ஃபைலில் இந்த எண்ணைத் தேடி அலைய வேண்டாம். சிரூட்டைப் புதிதாக எடுங்கள்.

இன்ஸ்டால் ஆனது, ஆனால் சர்வீஸ் எழவில்லை

எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் வரும் சிக்கல் இது. பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிறது, யூனிட் ஃபைல் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்வது) இருக்கிறது, கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் இன்ஸ்டால் ஆனவுடன் தானாக எழவில்லை, மறுதொடக்கத்துக்குப் பின்னும் எழவில்லை.

யூனிட் ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டெபியன் 13-இல் அவை யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டருக்குள் போகின்றன. டெபியன் 12-இன் டெப்ஹெல்ப்பர், யுஎஸ்ஆர் இல்லாத லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். அங்கே எதுவும் இல்லையென்றால், இனேபிள் செய்யும் வரிகளை போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டில் (இன்ஸ்டால் முடிவில் ஓடுவது) எழுதாமல் சத்தமில்லாமல் விட்டுவிடும். போஸ்ட்இன்ஸ்டைத் திறந்து 'டெப்-சிஸ்டம்டி-ஹெல்ப்பர்' என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். டெபியன்/ரூல்ஸிலும் இன்ஸ்டால் ஃபைல்களிலும் அந்தப் பாதையைப் பழைய இடத்துக்கு மாற்றி மறுபடி பில்ட் செய்யுங்கள்.

சர்வீஸ் எழுந்தும் விசித்திரமாக நடந்தால், ஜர்னலில் 'புறக்கணிக்கப்பட்டது' என்று பொருள்படும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நோட்டிஃபை-ரீலோட் என்ற சர்வீஸ் வகை சிஸ்டம்டி 253-இல் வந்தது. 12-இல் இருப்பது 252. தெரியாத வகையை அது விட்டுவிட்டு சாதாரண வகையாக எடுத்துக்கொள்ளும். நிரல் தயாராகும் முன்பே தயார் என்று நினைத்து, அதை நம்பியிருக்கும் மற்ற சர்வீஸ்களை எழுப்பிவிடும். யூனிட்டில் 'நோட்டிஃபை' என்று மாற்றி, ரீலோடுக்கான கட்டளையைத் தனி வரியாகக் கொடுங்கள்.

டேட்டாபேஸ் போன்றவற்றில் இன்னொன்று. புதிய பதிப்பு முதன்முறை எழும்போதே டிஸ்க்கில் இருக்கும் தரவின் அமைப்பை மாற்றிவிடலாம். அப்புறம் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. பேக்கப் எடுத்து, அதை வேறு இடத்தில் மீட்டும் பார்த்த பிறகு ஸ்டார்ட் கொடுங்கள்.

டெபியன் 13-க்கு மாறிய பிறகும் அந்த பேக்கேஜ் மட்டும் நகர மறுக்கிறது

பதிப்பு எண்ணைத் தவறாக வைத்ததன் விளைவு, மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். டிரிக்ஸியில் இருப்பது 2.4-1 என்று வையுங்கள். உங்கள் பேக்போர்ட் 2.4-1~பிபிஓ12+1 என்று இருக்க வேண்டும். ~ குறிக்கு டிபிகேஜியில் தனி மதிப்பு உண்டு: அது வெறுமையைவிடவும் சிறியது. ஆகவே உங்கள் பேக்போர்ட் 2.4-1-ஐவிடச் சிறியதாகி, மேம்படுத்தும்போது தானாக வழிவிடும். ~ இல்லாமல் 2.4-1லோக்கல்1 என்றோ 2.4-1+பிபிஓ12 என்றோ வைத்தால் அது பெரியதாகிவிடும், டிரிக்ஸியின் பேக்கேஜ் உள்ளே வராது. பைத்தான் மாட்யூல் என்றால் இன்னும் மோசம். 'பைத்தான் 3.12-க்குக் கீழே' என்ற நிபந்தனையைச் சுமந்துகொண்டு, 3.13 வருவதையே அது தடுத்து நிற்கலாம்.

'டிசிஎச் --பிபிஓ' இந்த எண்ணைத் தானாக எழுதித்தரும். சந்தேகம் வந்தால் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்' கொடுத்து இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். உங்களுக்கு மட்டும் பில்ட் செய்கிறீர்கள் என்றால் வாலில் இன்னொரு ~லோக்கல்1 சேருங்கள். டெபியன் பின்னால் அதிகாரபூர்வ பேக்போர்ட் வெளியிட்டால் அது உங்களுடையதைவிடப் பெரிய எண்ணாக வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே தவறான எண்ணோடு மாட்டிக்கொண்டவர்கள், பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு டிரிக்ஸியின் பதிப்பு எண்ணை முழுதாக எழுதி இன்ஸ்டால் கொடுங்கள். கீழே இறக்கட்டுமா என்று ஆப்ட் கேட்கும், ஒப்புக்கொள்ளலாம். எபாக் எண்ணை (பதிப்பு எண்ணுக்கு முன்னால் வரும் கூடுதல் எண்) ஏற்றிச் சமாளிக்க வேண்டாம், அது என்றைக்கும் போகாது. இப்படி டெபியனின் எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பதிப்புகள் சிஸ்டத்தில் வேறு எவை இருக்கின்றன என்று பார்க்க 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளைக்கு '?நாரோ(?இன்ஸ்டால்டு, ?நாட்(?ஆரிஜின்(டெபியன்)))' என்று கொடுங்கள்.

அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். டெபியனின் பாதுகாப்புக் குழு ஸ்டேபிளைப் பார்த்துக்கொள்கிறது. அதிகாரபூர்வ பேக்போர்ட்ஸை அவரவர் ஏற்றியவர்கள் முடிந்தவரை கவனிக்கிறார்கள். நீங்கள் பில்ட் செய்ததைக் கவனிக்க உங்களைத் தவிர ஆள் கிடையாது. டெபியன் டிராக்கரில் அந்த சோர்ஸ் பேக்கேஜின் பக்கத்துக்குச் சந்தா போட்டால், டிரிக்ஸிக்குத் திருத்தம் வரும்போது மின்னஞ்சல் வரும். அன்றே அதே சிரூட்டில், அதே பேட்சுகளோடு மறுபடி பில்ட் செய்துவிடுங்கள். அதற்காகவாவது உங்கள் டெபியன் ஃபோல்டரை கிட்டில் வைத்திருங்கள்.